எந்த வயலுக்கு, என்ன பூச்சிக்கு?

திருவாரூர் பக்கம், காவிரி வாய்க்கால் வந்து முடிகிற ஒரு கடைமடை ஊரில் பத்தொன்பது வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா, டிஏபி, விதைநெல், பூச்சிமருந்து எல்லாம் கிடைக்கும். எங்கள் ஊரில் இதை மருந்துக்கடை என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற இடம் மெடிக்கல், பயிருக்கு வாங்குகிற இடம் மருந்துக்கடை. அதனால்தான் ஒருத்தர் "மருந்தக் குடிச்சிட்டாராம்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால், அது என் கடைக்குள்ளிருந்து போனதா என்று முதலில் என் வயிறு கலங்கும். இந்தக் கலக்கத்தோடு எட்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, அதிலிருந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நான் மருத்துவனும் இல்லை, இதற்குப் படித்தவனும் இல்லை. ஆனால் ஓர் ஊரில் யாருக்கு எவ்வளவு கடன், யார் வயல் காய்ந்தது, யார் ரெண்டு வாரமாக வெளியே வரவில்லை என்பதெல்லாம் கலெக்டருக்கோ டாக்டருக்கோ தெரிவதற்கு முன்னால் உரக்கடைக்காரனுக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

2016 சம்பாவை டெல்டாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருஷம் செப்டம்பரில்தான் திறந்தார்கள். சரி, மழை காப்பாற்றும் என்று நேரடி விதைப்பு விதைத்தோம். வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோனது. கடைமடைக்கு வாய்க்காலில் தண்ணீரே எட்டிப் பார்க்கவில்லை. மார்கழியில் பச்சையாய் நிற்க வேண்டிய பயிர் வைக்கோலாய் நின்றது. அறுப்புக் கூலிகூடக் கட்டாது என்று பலர் மாட்டை அவிழ்த்துவிட்டு மேயவிட்டார்கள். தன் பயிரைத் தன் மாடே மேய்வதை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம்.

என் அத்தையின் கணவர், எனக்கு மாமா, ஆறு மா சொந்த நிலமும் ஒன்பது மா குத்தகையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மா ஓர் ஏக்கர், ஆக மொத்தம் ஐந்து ஏக்கர். யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல், குத்தகை நிலத்துக்கு அவர் பெயரில் கிடையாது. பாடுபட்டது அவர், காய்ந்தது அவர் பயிர், ஆனால் காகிதத்தில் அவர் விவசாயியே இல்லை. அதனால் அந்த மூன்று ஏக்கருக்கு அவருக்கு நிவாரணமும் வராது, காப்பீடும் வராது.

அந்த வருஷம் போகி அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். "மாப்ளே, நம்ம கணக்கு எவ்வளவு நிக்குது பாரு" என்றார். 2,340 ரூபாய் நின்றது. எண்ணிக் கொடுத்தார். நான் வேண்டாம் மாமா, தை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "இல்ல, அடைச்சிடு" என்று சொல்லி, நான் நோட்டில் கோடு போட்டு அடிக்கிறவரை நின்றார். ஐப்பசியில் என்னிடம் வாங்கிப்போயிருந்த கைத்தெளிப்பானையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் முகம் தெளிவாக இருந்தது. மாமா தேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் போய் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் அவர் இல்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று என் கடையில் வாங்கி, பயிரே காய்ந்துபோனதால் அடிக்காமல் மாட்டுக்கொட்டகையில் செருகி வைத்திருந்த மருந்து. பில் என் கையெழுத்தில் இருந்தது.

இதை எழுதக் காரணமே அந்தப் போகி சாயங்காலம்தான். சின்னக் கடனையெல்லாம் திடீரென்று அடைப்பது, இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது, பல நாள் புலம்பிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது, மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பது, "பயலப் பாத்துக்க" என்று காரணமில்லாமல் சொல்வது. இதெல்லாம் கிளம்புகிறவரின் சாமான் கட்டுதல் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அதற்காக ஒவ்வொரு சாவையும் தடுத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், இழந்து நிற்கிற குடும்பத்தின் தலையில் இன்னொரு பாறையைத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். மாமா ஒரே காரணத்தால் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தூக்கம் கெட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, குடி கொஞ்சம் கூடியிருந்தது, கடன்காரர் ஒருவர் தெருவில் வைத்துச் சத்தம் போட்டிருந்தார். எல்லாம் சேர்ந்துதான்.

அதற்கடுத்த வருஷம் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். பட்டுக்கோட்டைப் பக்கம் என் மனைவியின் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு. நான் அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனபோது தோப்பு தரைமட்டமாகக் கிடந்தது. மச்சான் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது. எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து எண்ணினார். நெல் போனால் அடுத்த போகம் என்று ஒன்று உண்டு. தென்னை போனால் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம், நல்ல காய்ப்புக்கு இன்னும் மேலே. அவருக்கு அப்போது வயது 58. மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தது. அந்தக் கணக்கையும் அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல்.

இந்த முறை நான் ஊருக்குத் திரும்பவில்லை. நான்கு நாள் அங்கேயே இருந்தேன். பேசினதைவிட மட்டை இழுத்துப்போட்டதுதான் அதிகம். ரெண்டாம் நாள் ராத்திரி, கரண்ட் இல்லாத இருட்டில், வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

கேட்கிறவரைக்கும் எனக்குக் கை நடுங்கியது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறோம், நானும் பயந்தேன். அது சரியில்லை என்று பின்னாளில் மனநல மருத்துவர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நேராகக் கேட்பதால் யாருக்கும் புதிதாக எண்ணம் வருவதில்லை, உள்ளே இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஒரு வழி திறக்கிறது, அவ்வளவுதான். மச்சான் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பகல்ல ஒண்ணுமில்ல. ராத்திரியானா தோணுது" என்றார். எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வாய் திறக்காமல் மோட்டார் கொட்டகையைப் பார்த்தார். அந்த ராத்திரியே அங்கே இருந்த மருந்து டப்பாக்களை அள்ளி என் வண்டியில் வைத்துப் பூட்டினேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, ஒரு வாரத்துக்கு ராத்திரியில் அவரைத் தனியாக விடாதீர்கள் என்றேன். அண்ணிக்கு அழுகை வந்தது. ஆனால், "எனக்கும் தெரியும்ண்ணே, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார்.

அடுத்த வாரம் தாலுகா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மாவட்ட மனநலத் திட்டத்தில் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் அரசு மருத்துவமனைகளுக்கு வருவார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எந்த நாள் என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். மாத்திரை இலவசம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூன்று வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. பத்தாம் நாள் மச்சான், "ஒண்ணும் ஆகல, வாய்தான் வறளுது" என்று தூக்கிப்போடப் பார்த்தார். இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்தாம் நாளில் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இருபத்தைந்தாம் நாள் வாக்கில், "ராத்திரி நாலு மணி வரைக்கும் தூங்கினேன்" என்று போன் செய்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன், மீன் குழம்பைப் பற்றிக் குறை சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

ஊரில் ஏதாவது செய்யலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் முதலில் போட்டது ஒரு முகாம். ஃப்ளெக்ஸ் அடித்து, சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, "விவசாயிகள் மனநல முகாம்". வந்தவர்கள் பதினொரு பேர், அதில் ஆறு பேர் நாங்களும் எங்கள் வீட்டுக்காரர்களும். மனநலம் என்ற வார்த்தைக்குக் கீழே போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? எங்கள் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். "தூக்கமே இல்ல", "சோறு எறங்கல", "நெஞ்சு படபடங்குது", "கைகால் ஓஞ்சு போச்சு", "வயக்காட்டுப் பக்கமே போகப் புடிக்கல" என்பார்கள். கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு விவசாயி சொன்னால் காது கொடுங்கள். காய்ச்சலில் படுத்தால்கூட ஒரு எட்டு வயலைப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர்.

அப்புறம் வேறு மாதிரி செய்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை வாசலில் ரெண்டு பெஞ்ச் போட்டு, காகித வேலை பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தோம். பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், சிட்டா, அடங்கல், கூட்டுறவு சங்கக் கடன் மனு, மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கான மனு. என்னோடு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும், கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளையும். காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேச்சு தானாக வருகிறது. இதை நாங்கள் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, போகப்போகத்தான் தெரிந்தது.

ஒரு பெரியவர், அறுபது தாண்டியவர், ஆறு லட்ச ரூபாய் கடன் என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். ஒரு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். சங்கக் கடன், நகைக்கடன், அவர் மனைவி பேரில் ரெண்டு குழுக் கடன், கைமாற்று, என் கடைப் பாக்கி. கூட்டினால் அஞ்சரை லட்சம் வந்தது, அதிகம் குறையவில்லை. ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மொத்தம் இல்லை. அடகில் இருந்தது மருமகளின் நகை, ஏல நோட்டீஸ் வந்திருந்தது, அதை வீட்டில் சொல்லவில்லை. 18,000 வட்டி கட்டினால் திருப்பி வைக்கலாம். சொந்தக்காரர் ரெண்டு பேர் சேர்ந்து அதைப் புரட்டினார்கள். மிச்சக் கடன் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அவர் அடுத்த செவ்வாய் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் மொத்தத்தைக் கேட்பதில்லை. "இதுல எது உங்களைத் தூங்க விடாம பண்ணுது?" என்றுதான் கேட்கிறேன்.

நானும் கடன் கொடுத்தவன்தானே, அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பாக்கி கேட்கக் கடைப் பையனை வீட்டுக்கு அனுப்புவேன், அவன் வாசலில் நின்று குரல் கொடுப்பான். அதை நிறுத்திவிட்டேன். கடையில் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கிறேன். பாக்கி வசூல் இதனால் கொஞ்சம் தாமதமாகிறது, அழிந்துபோகவில்லை. பணம் இல்லாததை மனுஷன் தாங்கிக்கொள்கிறான், பிள்ளைகள் முன்னால் பேர் கெடுவதைத் தாங்க முடிவதில்லை.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ரெண்டு கிராமங்களில் பொதுவான இடத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், தற்கொலைகளும் குறைந்தன. இலங்கையில் கொடிய நச்சு மருந்துகளைத் தடைசெய்த பிறகு, 1995க்கும் 2005க்கும் இடையில் தற்கொலைச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகின, விளைச்சல் குறையவில்லை. நம் மாநிலத்திலும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பேஸ்ட்டை நிரந்தரமாகத் தடைசெய்திருக்கிறார்கள். சாக நினைக்கிறவர் இது இல்லாவிட்டால் வேறொன்றைத் தேடுவார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த வேகம் சில நிமிஷம், சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் ஆள் தப்பிக்கிறார், தப்பித்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

நானும் கடைக்குப் பின்னால் பதினான்கு இரும்புப் பெட்டி வைத்தேன். ஆண்கள் ஆரம்பத்தில் முறைத்தார்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லயா?" முதலில் வந்தவர்கள் பெண்கள்தான். முந்தானையில் மறைத்து மீதி மருந்தைக் கொண்டுவந்து, "இதை இங்கயே வச்சிடுண்ணே, அவருக்குத் தெரிய வேணாம்" என்றார்கள். இப்போது ஒன்பது பெட்டி புழக்கத்தில் இருக்கிறது. லிட்டர் டப்பாவைக் குறைத்து, சின்ன அளவுகளையே வாங்கி வைக்கிறேன், மீதி என்று ஒன்று வீட்டுக்குப் போகக் கூடாது. அப்புறம், யார் மருந்து கேட்டாலும், எந்த வயலுக்கு, என்ன பூச்சிக்கு, பயிருக்கு எத்தனை நாள் வயசு என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை. வயலிலிருந்து வருகிறவர் இதற்கு நிறுத்தாமல் பதில் சொல்வார். குருத்து காய்ந்திருப்பதைப் பிடுங்கியே கொண்டுவந்து காட்டுவார். ஒருமுறை அறுப்பு முடிந்து வயல் தரிசாகக் கிடக்கிற மாசியில் ஒரு இளைஞன் வந்து, "ஏதோ ஒண்ணு, ஸ்ட்ராங்கா குடுங்க" என்றான். என்ன பூச்சி என்றேன். தரையைப் பார்த்தான். ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டு, டீ வாங்கி வரச் சொல்லி உட்கார வைத்தேன். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணனுக்குப் போன் செய்து வரவழைத்தேன். இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

யாராவது குடித்துவிட்டால் எங்கள் பக்கம் சாணியைக் கரைத்தோ உப்பைக் கரைத்தோ வாயில் ஊற்றுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், வாந்தி மூச்சுக்குழலில் போய் அதிலேயே உயிர் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைத் தண்ணீரால் கழுவி, 108க்குச் சொல்லி, டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது.

விவசாயி என்றால் நிலம் வைத்திருக்கிற ஆம்பளை என்றே பேசுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குத் தந்த கணக்கில் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அதில் சாகுபடி செய்தவர்கள் 5,207, கூலித் தொழிலாளிகள் 6,083. எங்கள் செவ்வாய்க்கிழமைக்குக் கூலிக்காரர்கள் வருவது ரொம்பக் குறைவு, அவர்களுக்குத்தான் நிரப்பக் காகிதமே இல்லையே. இதற்கு இன்னும் சரியான வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடவு நேரத்தில் வரப்பில் போய்ப் பேசுவதுதான் இப்போதைக்கு. வீடு வீடாக பிரஷர், சர்க்கரை பார்க்க வருகிற அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து ஊழியர், எங்கள் ஊர்ப் பெண்தான், அவரும் தூக்கம் எப்படி என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறார். அது எங்கள் பெஞ்சைவிட அதிகம் பேரிடம் போகிறது.

போன வீட்டையும் பார்க்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் சொந்தக்காரர்கள் பஸ் ஏறுவார்கள், கடன்காரர்கள் வருவார்கள். அத்தை வீட்டில் அப்படித்தான் நடந்தது, திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். இப்போதெல்லாம் எங்கள் ஊரில் இப்படி ஒரு சாவு என்றால் பதினேழாம் நாள் காலையில் நாங்கள் ரெண்டு பேர் அந்தத் திண்ணையில் இருப்போம். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் கூட ஒரு ஆள் நடந்தால்தான் நடக்கும். "புள்ளைங்க மொகத்தப் பாத்தாவது இருந்திருக்கக் கூடாதா" என்று அந்த வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான். உயிரோடு தவிக்கிறவரிடமும் அதைச் சொல்லாதீர்கள். தான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருக்கும் என்று அவர் ஏற்கெனவே முடிவுக்கு வந்திருப்பார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்கிறவனுக்கும் பாரம் ஏறும். ரெண்டு வருஷம் முன்பு எனக்கே தூக்கம் போனது. 14416க்கு ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டேன், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசினார்கள், பேர் கேட்கவில்லை. அரசு சுகாதார உதவி எண் 104உம் இருக்கிறது, சினேகாவின் 044-24640050உம் இருக்கிறது. கடை பில்லுக்குப் பின்னால் 14416ஐ ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்துகிறேன். யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அத்தை குத்தகையை விட்டுவிட்டார், சொந்த ஆறு மாவை அவரே பார்க்கிறார். போன கார்த்திகையில் கடைக்கு வந்து மருந்து கேட்டார். எந்த வயலுக்கு, என்ன பூச்சிக்கு என்றேன். "மேலப் பங்குக்குடா. இலைச்சுருட்டுதான், நாப்பத்தஞ்சு நாள் பயிரு, நீயே வந்து பாரேன்" என்று சுருண்ட நெல் இலையை மேஜையில் பிரித்துக் காட்டினார், உள்ளே பச்சைப் புழு நெளிந்தது. தெளித்து முடித்து இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து, மூன்றாம் நம்பர் பெட்டியில் மீதியை வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.